ஏழு எழுத்துக்குள் ஒரு டிரைவர்

“எங்க வீட்டுக்காரர் குரலை உசத்திப் பேசக்கூடத் தெரியாத ஆளு சார். யாரோ ஒரு அதிபுத்திசாலி சொன்னாராம். அதைக் கேட்டுக்கிட்டு இன்ஸ்பெக்டர் இவரைத் தூக்கி உள்ள வச்சிட்டாரு.”

டிரைவரின் மனைவி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சாய்ந்து உட்கார்ந்தால் அதற்கும் யாராவது திட்டுவார்கள் என்பதுபோல.

எதிரே இருந்த வக்கீல் தண்ணீர் தம்ளரை எடுத்தார். குடிக்காமலே வைத்தார். அந்த அதிபுத்திசாலி அவர்தான்.

கறுப்புக் கோட்டைக் கழற்றிப் பல வருடங்கள் ஆகியும் ஊர் அவரை வக்கீல் என்றே கூப்பிட்டது. இப்போது துப்பறிவதுதான் தொழில். ஜன்னல் ஓரமாக நின்றிருந்த உதவியாளர் முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவள். அந்த வேலை விட்டுப்போனாலும் ‘சில்லறை’ என்ற பட்டப்பெயர் விடவில்லை. எதற்கும் ஏதாவது சொல்லிவிடும் அவள் வாய் இப்போது இறுக்கமாக மூடியிருந்தது. அதுவே வக்கீலுக்கு உறுத்தியது.

“நீங்கதான் இதுல பெரிய ஆளுன்னு சொன்னாங்க. நாளைக்குக் கோர்ட்டுல நிறுத்திடுவாங்களாம். அதுக்கப்புறம் வெளிய வர்றது கஷ்டமாம். ஆடிட்டர் ஐயா கண்ணு முழிக்கலைன்னா கொலைக் கேஸாவே ஆயிடுமாம்.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “ஆடிட்டர் ஐயா மககூட நம்பல சார். வேளைக்கு வேளை எங்களுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்புறாங்க. அப்பாவை அடிச்சவன் குடும்பத்துக்கு யாராவது சோறு அனுப்புவாங்களா?”

“நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. நான் பார்க்கிறேன்,” என்றார் வக்கீல்.

அவள் படியிறங்கும் ஓசை ஓய்ந்ததும் சில்லறை திரும்பினாள்.

“சொல்லியிருக்கலாமே சார்.”

“எதை?”

“அந்தப் புத்திசாலியோட விலாசத்தை.”

வக்கீல் தம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

நடந்தது இதுதான். ஓய்வு பெற்ற ஆடிட்டர் ஒருவர். அவருக்கு உயிர் ஒரு விளையாட்டில் இருந்தது. பைக்குள் கைவிட்டு ஏழு எழுத்துக் காய்களை எடுத்து, ஒரு சிறிய மர ஸ்டாண்டில் நிறுத்தி, அவற்றைக் கொண்டு ஆங்கில வார்த்தை அமைத்துப் பலகையில் வைக்க வேண்டும். எதிராளி கிடைக்காத நாட்களில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒற்றை ஸ்டாண்டோடு தனியாக உட்கார்ந்து வார்த்தை தேடுவார். முந்தாநாள் பிற்பகல் அவர் தன் அறையில் பின்மண்டையில் அடிபட்டுக் கிடந்தார். சட்டைப் பொத்தான்கள் தெறித்திருந்தன. தானாக விழுகிறவருக்குப் பொத்தான் தெறிக்காது. மேசைமேல் ஒரு ஸ்டாண்டு. அதில் ஏழு காய்கள்: D, E, I, R, R, T, V.

நினைவு தப்புமுன் ஆடிட்டர் ஏதோ சொல்ல முயன்றிருக்கிறார் என்றார் இன்ஸ்பெக்டர். பேச்சோடு பேச்சாக வக்கீலையும் அழைத்திருந்தார். வக்கீல் ஸ்டாண்டின் முன் குனிந்தார். ஒரு மூச்சுகூட ஆகியிருக்காது. “டிரைவர்,” என்றார். “T மட்டும் மிச்சம்.” இன்ஸ்பெக்டர் அவர் முதுகில் தட்டினார். அன்று காலையில்தான் கார் கதவில் கீறல் விழுந்ததற்காக ஆடிட்டர் தெருவே கேட்க டிரைவரைத் திட்டியிருந்தார். எல்லாம் பொருந்திவிட்டது. அந்தத் தட்டு வக்கீலுக்கு அப்போது இனித்தது. இன்று அதே இடம் சுட்டது.

சில்லறை தன் கைப்பேசியை எடுத்தாள். “இதுக்குன்னே ஒரு தளம் இருக்கு சார். எழுத்தைக் கொடுத்தா உள்ள ஒளிஞ்சிருக்கிற வார்த்தையெல்லாம் கக்கிடும். அந்த ஏழையும் போட்டேன். டிரைவர் வருது, வாஸ்தவம். ஆனா ரிவர்னும் வருது. ஆத்தை அரெஸ்ட் பண்ணணும். டர்ட்னு வருது, அழுக்காம். தெருவுல பாதியை உள்ள தள்ளலாம். டயர்ட். என்னையே தள்ளலாம். இன்னும் விரலால தள்ளத் தள்ளப் போயிட்டே இருக்கு. இந்தக் கூட்டத்துல உங்க கண்ணுக்கு அந்த மனுஷன்தான் ஆப்பிட்டாரா?”

“குத்தாதே.”

“குத்தல சார், டிக்கெட் கிழிக்கிறேன். டைவர்ட்னுகூட ஒண்ணு இருக்கு. திசை திருப்புறதுன்னு அர்த்தமாம். நம்மளைத் திருப்பிட்டாங்க போல.” போலீஸ் எடுத்த படத்தைப் பார்த்தபடி அவள் குழந்தைகள் ஒப்பிப்பதுபோல ராகம் போட்டாள். “D, E, I… R, R… T, V…”

வக்கீல் எழுந்துவிட்டார்.

“மறுபடி படி.”

“D, E, I, R, R, T, V. எதுக்கு சார்?”

“ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை சொல்ற மாதிரியே சொல்ற.”

“அது அப்படித்தானே வச்சிருக்கு? அகர வரிசை மாதிரி…” அவள் குரல் இறங்கியது. “அடடே.”

“ஒரு மனுஷன் சாகக் கிடக்கிறப்போ டிரைவர்னு சொல்ல நினைச்சா டிரைவர்னுதான் வைப்பான். எழுத்தைக் கலைச்சு, A-க்குப் பக்கத்துல இருக்கிறது முதல்ல, Z-க்குப் பக்கத்துல இருக்கிறது கடைசியிலன்னு அழகா அடுக்கிட்டு மயக்கம் போட மாட்டான். உள்ளே என்ன வார்த்தை இருக்குன்னு தேடினேனே தவிர, கண்ணெதிரே இருந்த வரிசையைப் பார்க்கல.”

“யாரு அடுக்கினது அப்போ?”

“அதைக் கேட்கத்தான் போறோம். வண்டிச் சாவியை எடு.”

*

ஆடிட்டர் தலைவராக இருந்த சொல்லாட்டச் சங்கம் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது. நீளமான கூடம். எதிரெதிரே நாற்காலிகள், நடுவே பலகைகள். ஒரு வயதான தம்பதி ஒருவரையொருவர் ஜென்ம விரோதிகள்போல முறைத்தபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் ஒரு பல் டாக்டரம்மா. மருத்துவமனை வெள்ளைக் கோட்டோடே வந்திருந்தார்.

வக்கீல் படத்தைக் காட்டினார். டாக்டரம்மா பார்த்த வேகத்தில் தலையை ஆட்டினார்.

“இது அவர் ஸ்டாண்டே இல்ல.”

“ஸ்டாண்டு அவர் வீட்டுது.”

“மரம் அவருது சார், அடுக்கு அவருது இல்ல. வார்த்தை தேடுறவங்க ரெண்டு ஜாதி. A, E, I மாதிரி உயிரெழுத்தையெல்லாம் இடது பக்கம் ஒதுக்கிட்டு மத்ததை வலது பக்கம் தள்ளுறவங்க ஒண்ணு. நம்ம தலைவர் அந்த ஜாதி. E, I-ன்னு ஆரம்பிச்சிருப்பார், D அப்புறந்தான். இன்னொண்ணு, எடுத்தவுடனே A-யிலேர்ந்து Z வரைக்கும் வரிசையா அடுக்கிப் பார்க்கிறவங்க. புதுசா கத்துக்கிறவங்க எல்லாம் இப்போ அப்படித்தான். தலைவருக்கு அதைக் கண்டாலே எரியும். ‘இது என்ன பள்ளிக்கூடத்து வருகைப் பதிவா?’ன்னு கேட்டு மானத்தை வாங்கிடுவார். அதனால எங்க சங்கத்துல ஒருத்தர்கூட அப்படி அடுக்க மாட்டாங்க.”

“அப்ப அடுக்கினவர் வெளியாளு.”

“வேற சங்கத்துல கத்துக்கிட்டவங்களா இருக்கும். ஊர்ல இன்னும் சில சங்கம் இருக்கே.”

இதற்குள் சில்லறை ஒரு காலி மேசையில் உட்கார்ந்து, துணிப் பையை மடியில் வைத்து, உள்ளே எட்டிப் பார்த்தபடி காய்களை அள்ளத் தொடங்கியிருந்தாள்.

“ஐயோ, பையைத் தூக்கும்மா!” டாக்டரம்மா அலறிய அலறலில் முறைத்துக்கொண்டிருந்த தம்பதி கூடத் திரும்பினார்கள். “கண்ணுக்கு மேல! முகத்தை அந்தப் பக்கம் திருப்பு! இப்போ எடு. எட்டிப் பார்த்து எடுத்தா திருட்டாட்டம்.”

“கக்கூஸ்ல பல்பு மாத்துற மாதிரி இருக்கு டாக்டர்.”

“முதல்ல அப்படித்தான் இருக்கும். போட்டி ஆடுறவங்களுக்கு அது கையிலேயே ஊறிடும். நான் வீட்டுல வெங்காயம் எடுக்கிறப்போகூடக் கூடையைத் தூக்கிடறேன். மாமியார் ஒரு மாதிரி பார்க்கிறாங்க.”

காரில் வரும்போது வக்கீல் கண்ணாடியை இறக்கிவிட்டார். பிறகு, “டிரைவர் அன்னிக்கு மதியம் முழுக்க வாசல்ல கார் கழுவிட்டிருந்தார். வெளியாளு யாரும் உள்ளே வரலைன்னு அவரே வாக்குமூலம் கொடுத்திருக்கார்,” என்றார்.

“அதைத்தானே இன்ஸ்பெக்டர் பிடிச்சுக்கிட்டாரு? யாரும் வரல, அப்போ நீதான்னு.”

“அந்த ஆளு உண்மையைச் சொன்னார். பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா, யாரோ முகமூடிக்காரன் சுவரேறிக் குதிச்சான்னு சொல்லித் தப்பிச்சிருப்பார். யாரும் வரல. ஆனா எதிர்ல ஒருத்தர் உட்கார்ந்து ஆடியிருக்கார். அப்படின்னா?”

“வீட்டுக்குள்ளயே இருந்தவங்க.” சில்லறை விரலை மடக்கினாள். “அன்னிக்கு வீட்டுல இருந்தது ரெண்டே பேரு. மக மாடியில தூங்கினாங்களாம். மாப்பிள்ளை சாப்பிட வந்தவர் முன்னறையில டிவி பார்த்தாராம். மாப்பிள்ளைதான் சார். மாமனாரோட ஒரே வீட்டுல இத்தனை வருஷம் இருந்தா நானா இருந்தாலும் தள்ளியிருப்பேன்.”

*

ஆடிட்டரின் அறை அப்படியே இருந்தது. மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் பதக்கங்கள். மடித்த பலகையும் காய்ப் பையும் அலமாரிக்குள் இருந்தன. மகள் கதவோரம் நின்றாள். தூங்காத கண்கள். மாப்பிள்ளை, சொந்தமாக மருந்துக் கடை வைத்திருப்பவர், அவசரமாகக் கடையைவிட்டு வந்திருந்தார்.

“ஆஸ்பத்திரியில என்ன சொல்றாங்க?” என்று கேட்டார் வக்கீல்.

“எப்போ வேணா கண்ணு முழிக்கலாமாம்,” என்றாள் மகள். அதை நல்ல செய்தியைச் சொல்லும் குரலில் அவள் சொல்லவில்லை.

“அதான் டிரைவரைப் பிடிச்சாச்சே சார், இன்னும் எதுக்கு?” என்றார் மாப்பிள்ளை.

“நான்தான் பிடிச்சுக் கொடுத்தேன். தப்போன்னு சந்தேகமா இருக்கு. ஒரு சின்ன சோதனை. இந்த விளையாட்டு உங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா?”

“எனக்கு மருந்துப் பேரைப் படிக்கிற அளவுக்குத்தான் இங்கிலீஷ்,” என்று மாப்பிள்ளை சிரிக்க முயன்றார்.

“எனக்கு மண்டையில ஏறாதுன்னு அப்பா சின்ன வயசுலயே விட்டுட்டாரு,” என்றாள் மகள்.

“பரவாயில்ல. ஆளுக்கு ஏழு காய் எடுத்து ஸ்டாண்டுல வைங்க. ஏதாவது வார்த்தை தெரியுதான்னு பாருங்க.”

மாப்பிள்ளை முதலில் வந்தார். பையை மேசையில் வைத்து, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோலப் பார்த்து, ஏழு காய்களை எடுத்தார். பிறகு அவர் விரல்கள் வேகம் பிடித்தன. B முதலில், அடுத்து E, அடுத்து G… கடைசியில் U. ஒன்றுகூடப் பிசகாமல் அகர வரிசை.

சில்லறை வக்கீலின் முழங்கையைக் கிள்ளினாள். வலித்தது.

“ஏன் இப்படி அடுக்கினீங்க?” என்றார் வக்கீல்.

“எப்படி?” மாப்பிள்ளை தன் ஸ்டாண்டையே வியப்பாகப் பார்த்தார். “ஓ, இதுவா? கடையில மருந்தெல்லாம் இப்படித்தானே வைப்போம். மாத்தி வச்சா அவசரத்துக்குக் கிடைக்காதே. கை தானா போகுது சார்.”

“கை தானாத்தான் போகும்,” என்று முணுமுணுத்தாள் சில்லறை. கைவிலங்கு எங்கே கிடைக்கும் என்பதுபோல அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

“நீங்க வாங்கம்மா,” என்றார் வக்கீல்.

மகள் கணவனின் ஸ்டாண்டைப் பார்த்தாள். வக்கீலின் முகத்தைப் பார்த்தாள். எதைச் செய்யக் கூடாது என்று அந்த நொடியிலேயே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். எடுத்த காய்களை மிகுந்த கவனத்தோடு கோணல்மாணலாக வைத்தாள். N, பிறகு A, பிறகு W, நடுவே தலைகீழாக ஓர் எழுத்து. இந்த விளையாட்டைக் கண்ணாலும் கண்டிராத ஒருத்தி வைப்பதுபோலவே இருந்தது.

“ஒண்ணும் தெரியல சார்,” என்றாள்.

சில்லறை மகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெரிசலான பஸ்ஸில் பைக்குள் நுழையும் கைகளைப் பார்த்தே காலம் தள்ளியவள் அவள். வக்கீலும் கைகளைத்தான் பார்த்திருந்தார். ஸ்டாண்டில் எழுத்தை வைப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. பையை வாங்கியதும் மகளின் இடது கை அதைத் தன் கண்ணுக்கு மேலே உயர்த்தியது. முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது. வலது கை உள்ளே போய், எண்ணி, வெளியே வந்தது. அத்தனையும் ஒரே வீச்சில்.

“எந்தச் சங்கத்துலம்மா ஆடுறீங்க?” என்றார் வக்கீல்.

மாப்பிள்ளை புரியாமல் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. தன் இடது கையைக் குனிந்து பார்த்தாள். பிறகு, நின்றது போதும் என்பதுபோல எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சங்கம் இருக்கு. ரொம்ப வருஷமாப் போறேன்.”

“தையல் கிளாஸ்னு சொன்னியே?” என்றார் கணவர்.

“அப்பா காதுக்குப் போயிடும்னுதான் உங்ககிட்டயும் சொல்லல.” அவள் வக்கீலைப் பார்த்துப் பேசினாள். “ஸ்கூல்ல நான் இங்கிலீஷ்ல ஃபெயில் ஆனேன். அன்னிக்கிலேர்ந்து அப்பா என்னை எதிர்ல உட்கார விட்டதில்ல. வர்றவங்க போறவங்க எல்லாரும் ஆடுவாங்க. ஆட்டம் முடிஞ்சதும் காயைப் பொறுக்கிப் பையில போடறது என் வேலை. முந்தாநாள் ஏதோ தைரியம் வந்துடுச்சு. ஒரு ஆட்டம் ஆடலாமாப்பான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சரின்னாரு.”

“அப்புறம்?”

“பாதியில சிரிப்பு நின்னு போச்சு. எழுந்து வந்து என் ஸ்டாண்டைப் பார்த்தாரு. A-யிலேர்ந்து Z-க்கு அடுக்கியிருந்ததைப் பார்த்ததும், எவன்கிட்ட போய்க் கத்துக்கிட்டேன்னு கத்தினாரு. நல்ல எழுத்தையெல்லாம் கையில ஒளிச்சு வச்சிருக்கேன்னாரு. கையைத் திற, திறன்னு மணிக்கட்டை முறுக்கினாரு. வலி தாங்காம அவர் சட்டையைப் பிடிச்சுத் தள்ளிட்டேன்.” அவள் உள்ளங்கையை விரித்து மேசைமேல் வைத்தாள். “கையில ஒண்ணும் இல்ல சார்.”



“பேச்சு மூச்சு இல்லாமக் கிடந்தாரு. எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. தெரிஞ்சதைச் செஞ்சேன். காயைப் பொறுக்கினேன். பலகையை மடிச்சு உள்ள வச்சேன். அப்பா தனியா ஆடுறப்போ ஒரு ஸ்டாண்டு மேல இருக்கும். என்னோடதை அப்படியே விட்டேன். டிவி சத்தத்துல இவருக்கு எதுவும் கேட்கல. அப்புறம்தான் கூப்பிட்டேன், அப்பா விழுந்துட்டாருன்னு.” மூச்சு வாங்கினாள். “நீங்க குனிஞ்சு டிரைவர்னு படிச்சப்போ நான் இதே கதவுகிட்டதான் நின்னேன். வாயைத் திறந்திருக்கலாம். அந்த வீட்டுக்குச் சாப்பாடு கட்டுறப்போ எல்லாம் இந்த வேளை சொல்லிடணும்னு நினைப்பேன். கட்டி முடிச்சதும் தைரியம் போயிடும்.”

“நான் வாயை மூடியிருக்கலாம்,” என்றார் வக்கீல்.

மாப்பிள்ளை மெல்ல வந்து மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று தவித்தார். கடைசியில், “ஆட்டத்துல யாரு முன்னாடி இருந்தது?” என்று கேட்டார்.

“நான்தான்,” என்றாள் அவள். அப்போதுதான் அழுதாள்.

*

இன்ஸ்பெக்டர் காகிதங்களில் கையெழுத்துப் போட்டார். வக்கீலின் முதுகில் தட்டவில்லை. “உங்க பேச்சைக் கேட்டு ஒரு தடவை அவமானப்பட்டாச்சு,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வாசலில் வெயில் சாய்ந்திருந்தது. டிரைவர் வெளியே வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. பாதம் வீங்கியிருந்ததால் செருப்புக்குள் கால் நுழையவில்லை. வெறுங்காலைத் தரையில் பட்டும் படாமலும் வைத்து நடந்தார். மனைவி ஓடிப் போய்ச் செருப்பைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

“இவர்தாங்க. இந்த சார்தான் உங்களை வெளிய கொண்டு வந்தாரு,” என்றாள்.

டிரைவர் நன்றி சொல்ல வாயெடுத்தார். சில்லறை வக்கீலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள்: விட்டுடுங்க சார், இந்த ஒரு தடவை அப்படியே விட்டுடுங்க.

“உள்ளே அனுப்பினதும் நான்தான்,” என்றார் வக்கீல்.

மனைவியின் சிரிப்பு பாதியில் நின்றது. டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும், திட்டு வரும் என்று வக்கீல் காத்திருந்தார். வந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். டிரைவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று.

“ஏதோ இங்கிலீஷ் எழுத்துன்னு சொன்னாங்க. அதுல என் வேலை இருந்துச்சாமே?”

“இருந்தது.”

“வேற ஒண்ணுமே இல்லையா சார் அதுல?”

வக்கீல் பொய் சொல்லியிருக்கலாம். “நிறைய இருந்துச்சு. ஆறு இருந்தது. அழுக்கு இருந்தது. களைப்பு இருந்தது. திசை திருப்புறதுன்னு ஒண்ணு இருந்தது. இன்னும் எத்தனையோ.”

டிரைவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். வழி விசாரிக்கும்போது எந்தத் திருப்பத்தையும் தவறவிடாத கவனம் அது.

“இத்தனை இருந்தும் உங்களுக்கு முதல்ல நான்தான் தெரிஞ்சேனா?”

குரலில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையாகவே கேட்டார், பதில் கிடைக்கும் என்று சற்று நேரம் நின்றும் பார்த்தார். சட்டம் படித்த, ஆயிரம் பேரைக் குறுக்கு விசாரணை செய்த மனிதர் காரை நோக்கித் திரும்பினார்.

“வீட்டுல விட்டுடறேன். ஏறுங்க,” என்று காரின் பின்கதவைத் திறந்தார்.

டிரைவர் அந்தப் பின்சீட்டைப் பார்த்தார். “வேணாம் சார்,” என்றார் மரியாதையாக. மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, சுடும் தரையில் மெல்ல மெல்ல அடிவைத்து, எதிர்ப்புறம் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். சில்லறை ஓடிப் போய் அவரது இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் வந்து அவர்கள் ஏறிப் போகும்வரை வக்கீல் அந்தக் கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றிருந்தார்.